மீன் குட்டையிலும் களை உண்டு: தக்கைத் தூண்டிலால் கைக்களை எடுக்கும் முறை

நெல்லுக்கு நடுவே கோரையும் புல்லும் தலை தூக்கினால் எந்த விவசாயியும் சும்மா பார்த்துக் கொண்டிருப்பதில்லை. ஆள் விட்டுக் களை எடுத்து விடுகிறார். ஆனால் அதே விவசாயி தம்முடைய மீன் குட்டையில் களை பெருகுவதைப் பல சமயங்களில் கவனிப்பதில்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து மாதம் தவிடும் பிண்ணாக்கும் போட்ட பிறகு, வலை இழுக்கும் நாளில்தான் உண்மை தெரிய வருகிறது. ஒரு கிலோவுக்கு வளர்ந்திருக்க வேண்டிய கட்லாவும் ரோகுவும் அரைக் கிலோவில் நிற்கின்றன. எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. வலை நிறைய வருவதோ கை அகலங்கூட இல்லாத ஜிலேபி மீன்கள்.

ஐந்து சென்ட், பத்து சென்ட் குட்டைக்கு அடிக்கடி வலைக்காரரை அழைத்துக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகாது. வீச்சு வலை வீசுவதற்குக் கைப் பழக்கம் வேண்டும். ஆனால் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை ஆகியவை இருந்தால் போதும். தூண்டிலையே தொட்டிராத விவசாயியும் ஒரு வாரத்தில் பழகிக் கொண்டு, தம் குட்டையில் கைக்களை எடுக்கலாம். அதற்கான முறை இங்கே படிப்படியாகத் தரப்படுகிறது.

களை மீனும் பகை மீனும்

கூட்டு மீன் வளர்ப்பில் கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய மீன்களைச் சேர்த்து வளர்க்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு உணவைத் தின்பவை. அதனால் ஒன்றுக்கொன்று போட்டி குறைவு. வாங்காமல், விடாமல் தாமாகவே வந்து புகும் மீன்களால்தான் தொல்லை ஏற்படுகிறது.

இவற்றில் முதலாவது ஜிலேபி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கி, ஆண்டில் பல முறை இனம் பெருக்கும். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அவற்றில் பெரும் பகுதி பிழைத்து விடுகிறது. குட்டையில் நாலு ஜோடி புகுந்தால் சில மாதங்களில் கூட்டம் கூட்டமாகி விடும். இவை கெண்டைகளுக்குப் போடும் தீவனத்தையே பங்கு போட்டுக் கொள்கின்றன. நெருக்கத்தில் தாமும் வளராமல் குட்டையாகவே நின்று விடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இழப்பு விளங்கும். குட்டையில் 20 கிலோ ஜிலேபி இருப்பதாகக் கொள்ளலாம். அவை தம் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தீவனம் தின்றால் நாள் ஒன்றுக்கு 400 கிராம் ஆகிறது. மாதத்துக்கு 12 கிலோ தவிடும் பிண்ணாக்கும் வீணாகப் போகின்றன. அத்துடன் தண்ணீரில் உள்ள பிராண வாயுவையும் அவை பகிர்ந்து கொள்கின்றன.

இரண்டாவது வகை பகை மீன்கள். விராலும் கெளுத்தியும் இவ்வகையைச் சேர்ந்தவை. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். ஆகையால் மழைக் காலத்தில் ஈரத் தரையில் சிறிது தூரம் ஊர்ந்தும், வயல் வாய்க்கால் வழியாகவும் குட்டைக்கு வந்து விடும். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் இதற்கு நல்ல இரை. வாங்கி விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபு மேம்படுத்திய கிஃப்ட் திலேப்பியாவை அரசு அனுமதி பெற்று, உரிய பாதுகாப்புடன் தனியே வளர்ப்பது வேறு. கெண்டைக் குட்டையில் தானாகப் புகுந்து பெருகும் ஜிலேபியைப் பற்றியே இங்கு பேச்சு.

தூண்டிலால் ஆவதும் ஆகாததும்

தூண்டில் போட்டால் ஜிலேபியை அடியோடு ஒழித்து விடலாம் என்று எண்ணக் கூடாது. வாயில் குஞ்சு வைத்திருக்கும் தாய் மீன் இரை எடுக்காது. ஆகவே அது தூண்டிலில் சிக்காது. மிகச் சிறிய குஞ்சுகளும் முள்ளில் ஏறுவதில்லை.

ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று மாலை வேளைகள் தூண்டில் போட்டு வந்தால், முட்டையிடும் அளவுக்கு வளர்ந்த மீன்களைத் தொடர்ந்து குறைக்கலாம். கைக்களை எடுப்பதும் அப்படித்தானே? ஒரு முறை எடுத்தால் போதாது. விடாமல் எடுத்து வந்தால் பயிர் மேலோங்கும். பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்கு ஆகும். விரால் கிடைத்தால் சந்தையில் நல்ல விலை போகும்.

தேவையான பொருள்கள்

கழி: எட்டு முதல் பத்து அடி நீளமுள்ள, நுனி மெலிந்த மூங்கில் கழி போதும். பச்சை மூங்கிலை வெட்டி நிழலில் உலர்த்தி எடுத்துக் கொண்டால் கனம் குறையும். நுனி வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மீன் துள்ளும்போது நரம்பு அறுந்து விடும்.

நரம்பு: தூண்டில் கடையில் விற்கும் நைலான் நரம்பில் மெல்லியதாக வாங்க வேண்டும். தடித்த நரம்பைக் கண்டு மீன் ஒதுங்கும். விராலுக்கு மட்டும் சற்றுத் தடித்த நரம்பு தேவை. கழியின் நீளமே நரம்பின் நீளமாக இருந்தால் புதிதாகப் பழகுபவருக்குக் கையாள எளிது.

முள்: முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். ஜிலேபியின் வாய் சிறியது. அதற்கு 8 அல்லது 10 எண் முள் ஏற்றது. விராலுக்கு 1 அல்லது 2 எண் முள் வேண்டும். முள் நுனியை ஒட்டி உட்புறத்தில் இருக்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி விடுவது நல்லது. அப்போதுதான் தவறிச் சிக்கும் கெண்டையைக் காயமில்லாமல் விடுவிக்கலாம். விவசாயியின் விரலில் ஏறினாலும் எளிதில் கழற்றலாம்.

தக்கை: உதிர்ந்து கிடக்கும் மயில் இறகின் தண்டு ஒரு சாண் கிடைத்தால் அதைவிட நல்ல தக்கை இல்லை. நெட்டித் துண்டும் உதவும். பசுந்தாள் உரத்துக்கு வளர்க்கும் தக்கைப் பூண்டின் முற்றிக் காய்ந்த தண்டையும் பயன்படுத்தலாம். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு விராலுக்கு ஆகும், ஜிலேபிக்கு ஆகாது. ஜிலேபி மெல்லக் கடிக்கும் மீன். பருத்த தக்கை அந்த மெல்லிய அசைவைக் காட்டாது.

எடை: நரம்பில் கட்டச் சிறு எடை வேண்டும். கடையில் ஈயக் குண்டு விற்கிறார்கள். குட்டையில் வாத்து வளர்ப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அறுந்து விழும் ஈயக் குண்டை வாத்து இரை என்று விழுங்கினால் நஞ்சாகும். இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இவ்வாறு மடிந்ததால், 1987-ல் தூண்டிலுக்குப் பயன்படும் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறு இரும்பு நட்டு அந்த வேலையைச் செய்யும்.

தக்கையைக் கட்டும் முறை

சைக்கிள் வால்வு டியூபில் கால் அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக் கொள்ள வேண்டும். முதலில் அவற்றை நரம்பில் கோர்த்து, பிறகு ஒன்றைத் தக்கையின் மேல் முனையிலும் மற்றதை அடி முனையிலும் மாட்ட வேண்டும். இப்போது தக்கை நரம்போடு இறுக நிற்கும். வேண்டும்போது விரலால் மேலும் கீழும் தள்ளிக் கொள்ளலாம். நிரந்தரமாக முடிச்சுப் போட்டுக் கட்டி விடுவது தவறு. தக்கையின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

நரம்பின் கடைசியில் முள்ளைக் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே எடையைக் கட்ட வேண்டும். தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். தக்கை முழுவதும் மேலே மிதந்தால் எடை போதாது. முழுவதும் மூழ்கினால் எடை அதிகம். தக்கை நிமிர்ந்து நின்று, அதன் நுனி மட்டும் ஓர் அங்குலம் வெளியே தெரிந்தால் எடை சரி. இவ்வாறு இருந்தால்தான் சிறு மீன் தொட்டாலும் நுனி அசைந்து காட்டும்.

ஆழம் பார்த்தலே முக்கியப் பாடம்

புதிதாகத் தூண்டில் போடுபவர் தக்கை மூழ்குகிறதா என்றே பார்த்துக் கொண்டிருப்பார். தக்கையின் முதல் வேலை மீன் கடித்ததைச் சொல்வது அல்ல. இரையை மீன் இருக்கும் ஆழத்தில் நிறுத்தி வைப்பதே அதன் முதல் வேலை. அந்த ஆழம் தவறினால் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் பலன் இல்லை.

எந்த நாட்டில் எந்த மீனுக்கும் இதுவே விதி. கனடா நாட்டின் மேற்குக் கரை ஆறுகளில் சால்மன் மீனுக்குத் தக்கைத் தூண்டில் போடக் கற்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வரும் சால்மன் பெரும்பாலும் ஆற்றின் அடித்தரையை ஒட்டியே நிற்கும். இரை தரையில் சிக்கிக் கொள்ளவும் கூடாது, மீனின் தலைக்கு மிக மேலே போய்விடவும் கூடாது. ஆகவே அவர்கள் தக்கையை மேலும் கீழும் தள்ளித் தள்ளி ஆழத்தைச் சரி செய்கிறார்கள். ஓடுகிற ஆற்றில் அது கடினம். நிற்கிற குட்டையில் மிக எளிது.

குட்டையின் ஆழம் பார்க்க, முள்ளில் ஒரு பெரிய இரும்பு நட்டைத் தொங்க விட வேண்டும். தக்கை தாங்க முடியாத கனமாக அது இருக்க வேண்டும். தூண்டிலை இறக்கியதும் தக்கை மூழ்கி விட்டால், தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள நீளம் தண்ணீரின் ஆழத்தைவிடக் குறைவு என்று பொருள். தக்கையை மேலே தள்ள வேண்டும். தக்கை படுத்து மிதந்தால் நீளம் அதிகம். கீழே தள்ள வேண்டும். நுனி மட்டும் தெரியும்படி நின்றால் அதுவே அந்த இடத்தின் சரியான ஆழம். பிறகு நட்டைக் கழற்றி விடலாம்.

கரையிலிருந்து இரண்டடி, நாலடி, எட்டடி தூரங்களில் இப்படிப் பார்த்துக் குறித்து வைத்துக் கொண்டால், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது தெரிந்து விடும். வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் இதனால் தெரியும்.

எந்த மீன் எந்த ஆழத்தில்?

ஐந்தடி ஆழமுள்ள குட்டையில் கட்லா மேல் மட்டத்தில் மேயும். ரோகு நடு மட்டத்தில் மேயும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடித்தரையில் மேயும். வெள்ளிக் கெண்டை தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசியை வடிகட்டித் தின்பது. அது பொதுவாகத் தூண்டில் இரையைத் தேடி வராது.

ஜிலேபி பெரும்பாலும் கரையோர ஆழமற்ற பகுதியில் திரியும். அங்கே அடி மண்ணில் தட்டுப் போன்ற வட்டக் குழிகள் தெரிந்தால், ஆண் ஜிலேபி பறித்த குழிகள் என்று அறியலாம். தண்ணீர் தெளிந்திருக்கும் காலை வேளையில் கரையைச் சுற்றி நடந்து இந்தக் குழிகளைப் பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும். அந்த இடத்தில் இரை தரைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கும்படி தக்கையை வைத்தால், குழியைக் காக்கும் ஆண் மீன் பாய்ந்து கடிக்கும்.

விரால் செடி கொடி அடர்ந்த ஓரங்களில் பதுங்கி இருக்கும். காற்றுக்காக அடிக்கடி மேலே வரும். அந்தச் சலசலப்பைக் கண்டு இடத்தைத் தெரிந்து கொள்ளலாம். அங்கே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே ஓரடி இருந்தால் போதும். கெளுத்தி அடித்தரை மீன். பொழுது சாய்ந்த பிறகே நன்றாக இரை எடுக்கும்.

இரை

ஜிலேபிக்கு மண்புழுவின் சிறு துண்டு நல்ல இரை. எருக்குழி ஓரத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து மிளகு அளவு உருட்டியும் கோர்க்கலாம். முள்ளின் நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். பெரிய உருண்டையாக வைத்தால் ஜிலேபி ஓரத்தைக் கொறித்து விட்டுப் போய் விடும்.

விராலுக்கு மண்புழுக் கொத்தும் கோழிக் குடல் துண்டும் செத்த சிறு மீனும் போதும். தவளையை உயிரோடு கோர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டு விட வேண்டும். வயலில் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுவது தவளை.

கெண்டைகளுக்குத் தீவனம் வைக்கும் மூலையில் தூண்டில் போடக் கூடாது. நாள்தோறும் ஒரே மூலையில், ஒரே நேரத்தில் தீவனம் வைத்தால் கெண்டைகள் அங்கே கூடப் பழகிக் கொள்ளும். அவை அங்கே மேய்ந்து கொண்டிருக்கும் நேரத்தில் எதிர்க் கரையின் ஆழமற்ற ஓரத்தில் தூண்டில் போட்டால், கெண்டை சிக்குவது குறையும்.

தக்கை சொல்லும் சேதி

காலை வெயில் ஏறிய பிறகும், மாலை நாலு மணிக்கு மேலும் ஏற்ற நேரம். கரையில் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார வேண்டும். காலடி அதிர்ந்தால் கரையோர மீன் விலகி விடும்.

தக்கை ஓயாமல் துடித்துக் கொண்டே இருந்தால் குஞ்சுகள் கொறிக்கின்றன என்று பொருள். இழுக்க வேண்டியதில்லை. இரண்டு முறை ஆடி, பிறகு ஒரு பக்கமாக நகர்ந்தால் வளர்ந்த ஜிலேபி இரையை வாயில் வாங்கி விட்டது. அப்போது மணிக்கட்டை மட்டும் அசைத்துக் கழியைச் சுண்ட வேண்டும். தோளிலிருந்து ஓங்கி இழுத்தால் மீனின் வாய் கிழிந்து தப்பி விடும். தக்கை நேராக ஆழ்ந்து மறைந்தால் விரால் என்று எதிர்பார்க்கலாம். விரால் விழுங்கச் சற்று நேரம் கொடுத்துச் சுண்ட வேண்டும். நின்ற தக்கை திடீரென்று மேலெழுந்து படுத்தால், அடித்தரை மீன் ஒன்று இரையை எடையோடு தூக்குகிறது. மிர்காலோ சாதாக் கெண்டையோ ஆக இருக்கும்.

பத்து நிமிடம் தக்கை அசையவில்லை என்றால் இரையை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்ற வேண்டும். அரை அடி மேலே, அரை அடி கீழே வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பலன் இல்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டும். இரையை மாற்றுவது கடைசி வழி.

பெரிய மீன் சிக்கினால் உடனே கரைக்குத் தூக்கக் கூடாது. கழியை நிமிர்த்திப் பிடித்து, நுனி வளைந்து கொடுக்கும்படி விட்டு, மீன் களைத்த பிறகு கைவலையில் வாங்க வேண்டும்.

கெண்டை சிக்கினால்

சிக்கியது வளரும் கெண்டையாக இருந்தால் கையை நனைத்துக் கொண்டு பிடிக்க வேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் உடலின் மேல் உள்ள வழுவழுப்பு போய் நோய் பற்றும். முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே சற்று நேரம் தாங்கிப் பிடித்து, தானாக நீந்தும்போது விட வேண்டும்.

விடுவதற்கு முன் ஈரத் துணிப் பையில் வைத்து எடை பார்த்துக் கொண்டால் ஒரு நன்மை உண்டு. ஹெக்டேருக்கு 5000 குஞ்சுகள் என்ற கணக்கில் சென்டுக்கு 20 ஆகிறது. பத்து சென்ட் குட்டைக்கு 200 குஞ்சுகள். அவற்றில் 160 பிழைத்திருப்பதாகவும், சிக்கிய சில மீன்களின் சராசரி எடை 400 கிராம் என்றும் கொண்டால், குட்டையில் சுமார் 64 கிலோ மீன் இருக்கிறது. நூற்றுக்கு 2 பங்கு என்றால் நாளுக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தீவனம் போதும். தூண்டிலில் நாலைந்து மீன்களே சிக்குவதால் இது தோராயக் கணக்கே. வீச்சு வலை போடத் தெரிந்தவர் கிடைத்தால் அதில் பார்ப்பது மேல். ஆயினும் கணக்கே இல்லாமல் கொட்டுவதைவிடத் தோராயக் கணக்கு நல்லது.

பிடித்த ஜிலேபியை உயிரோடு பக்கத்து ஏரியிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. அங்கும் அது பெருகி, மழைக் காலத்தில் திரும்பி வரும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினாலும் தண்ணீரில் திரும்ப விடாமல், அருகில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டையில் முள் தரையைத் தொடக் கூடாது. ஒரு துளை விழுந்தால் தேக்கிய நீர் கசிந்து போகும். அங்கே ஆழம் பார்ப்பதற்குக் கூர்மையில்லாத எடையை மட்டும் கட்ட வேண்டும். முள் கட்டிய பிறகு தக்கையை ஓரடி குறைத்து வைக்க வேண்டும். இத்தகைய குட்டையின் ஓரம் வழுக்கும். உள்ளே விழுந்தவர் ஏறி வருவது கடினம். தனியே போகாமல், கரையில் முளை அடித்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எப்போதும் தண்ணீருக்குள் தொங்க விட்டிருக்க வேண்டும். சிறுவர்களைத் தனியே அனுப்பவே கூடாது.

பம்பு செட்டுக்கு வரும் மின்கம்பி தலைக்கு மேலே போகும் இடத்தில் கழியை ஓங்கக் கூடாது. ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும்.

அறுந்த நரம்பைக் கரையில் எறிந்து விட்டு வரக் கூடாது. வாத்தின் காலிலும் கொக்கின் காலிலும் சுற்றிக் கொள்ளும். புல்லோடு சேர்த்து மாடு தின்று விடவும் கூடும். சுருட்டி எடுத்துக் கொண்டு வர வேண்டும்.

விடியற்காலையில் மீன்கள் நீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இன்று நல்ல வேட்டை என்று மகிழக் கூடாது. தண்ணீரில் பிராண வாயு குறைந்து விட்டது. அன்று தூண்டிலும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். பம்பு செட்டை ஓட்டிப் புது நீரை உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும்.

சொந்தக் குட்டை அல்லாத ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை ஏலம் எடுத்தவருக்கு உரியதாக இருக்கும். அவருடைய அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது வழக்கில் முடியும்.

களை வராமல் தடுக்க

களை எடுப்பதைவிடக் களை வராமல் பார்ப்பது சிக்கனம். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வாயிலும் மடையிலும் நெருக்கமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை கிழிசல் பார்க்க வேண்டும். கரையை உயர்த்தி, வயல் நீர் வழிந்து வராமல் செய்ய வேண்டும். ஓரத்தில் அடரும் செடி கொடிகளை அகற்றினால் விரால் பதுங்க இடம் இராது. சிவப்பு நிறத்தில் மொய்க்கும் விரால் குஞ்சுகளையோ, ஓரத்தில் திரளும் ஜிலேபிக் குஞ்சுகளையோ கண்டால் பழைய கொசுவலைத் துணியால் வாரி எடுத்து விடலாம்.

அறுவடை முடிந்ததும் குட்டையை நீர் இறைத்து, தரை வெடிக்கும் வரை காய விட வேண்டும். நீரை வற்ற வைக்க முடியாத மண் குட்டையில், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன் இலுப்பைப் பிண்ணாக்குப் போடலாம். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 2500 கிலோ, அதாவது சென்டுக்குப் பத்து கிலோ வீதம் ஊற வைத்துப் பரவலாகத் தெளிக்க வேண்டும். உள்ளே உள்ள களை மீனும் பகை மீனும் செத்து மிதக்கும். பிறகு அதுவே எருவாகிப் பாசி வளர உதவும். வளரும் கெண்டைகள் உள்ளே இருக்கும்போது இதைப் போடவே கூடாது. அந்தக் காலத்துக்கு உரிய வழிதான் தூண்டில்.

சுருக்கமாகச் சொன்னால், நடவுக்கு முன் உழுது களையை அழிப்பது போன்றது இலுப்பைப் பிண்ணாக்கு. நட்ட பின் கையால் களை பறிப்பது போன்றது தக்கைத் தூண்டில். குஞ்சு விட்ட முதல் மாதத்திலிருந்தே விராலுக்கும், மூன்றாம் மாதத்திலிருந்து ஜிலேபிக்கும் தூண்டில் போட்டு வந்தால், கெண்டைக்கு என்று வாங்கிய தவிடும் பிண்ணாக்கும் கெண்டையின் வயிற்றுக்கே பெரும்பாலும் போய்ச் சேரும். மாலையில் மாட்டைக் கட்டி விட்டுக் குட்டைக் கரையில் உட்காரும் ஒரு மணி நேரம் வீண் பொழுது அல்ல. அதுவும் விவசாய வேலைதான்.